வ.உ.சி. சிலைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம்

கடலோர ஊர்களில் வ.உ.சிதம்பரனார் சிலைகளையும் நினைவிடங்களையும் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கும் ஆணையர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வ.உ.சி.யின் பிறந்த நாளான செப்டம்பர் 5 வருகிறது. எங்கள் ஊர் வெண்கலச் சிலைக்குத் தங்க நிற எனாமல் இரண்டு கோட் அடிக்க மதிப்பீடு தயாராகிவிட்டது. பீடத்துக் கிரானைட்டுக்குப் பளபளப்பு வார்னிஷ், தோட்டத்தில் இருக்கும் மரச்செக்குக்குக் கறுப்பு எனாமல், கைப்பிடிக் கம்பிகளுக்குச் சில்வர் பெயின்ட் என்று பட்டியல் நீள்கிறது. கைப்பிடிக் கம்பிக்குத் தாராளமாக அடியுங்கள். மற்ற மூன்றையும் சாரம் கட்டுவதற்கு முன்பே நிறுத்துங்கள். உலோக வார்ப்பிலும் கல்வேலையிலும் பழம்பொருள் பாதுகாப்பிலும் வேலை செய்கிற நாங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

சிலை கறுத்துவிட்டது என்று பொதுமக்கள் புகார் செய்கிறார்கள், அதனால்தான் பெயின்ட் என்பது நீங்கள் சொல்லும் காரணம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. பொது இடங்களுக்கு வார்க்கும் சிலைகளில் பெரும்பாலும் 100க்கு 85 பங்கு செம்பு. மீதி வெள்ளீயமும் துத்தநாகமும் ஈயமும் ஏறத்தாழச் சமமாக. வார்த்து, ராவி, தீயும் ரசாயனமும் கொடுத்து வார்ப்புக்கூடத்திலேயே அதற்கு ஒரு பழுப்பு நிறத்தை ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். வெளியே வந்த பிறகு காற்றும் மழையும் அதை இன்னும் அடர்த்தியாக்கும். இறுக்கமாக, வழுவழுப்பாக, உலோகத்தோடு ஒட்டியிருக்கும் அந்தக் கரும்பழுப்புதான் சிலைக்குத் தோல். உள்ளே இருக்கும் செம்பை அது காக்கிறது. பெயின்டருக்கு நீங்கள் முதலில் கொடுக்கும் வேலையே அந்தத் தோலை உரிப்பதுதான்.

உரிப்பது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 80ஆம் நம்பர் உப்புத்தாள், கம்பி பிரஷ், சில இடங்களில் கையில் பிடிக்கும் கிரைண்டர். கம்பி பிரஷின் இரும்புத் துணுக்குகள் வெண்கலத்தில் புதைந்து நிற்கின்றன; முதல் மழைக்கு ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கின்றன. பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர். அது இரும்புக்கு உள்ளது. மதிப்பீட்டை வாங்கிப் பார்த்தால் காரணம் புரிகிறது: ‘இரும்பு வேலைகளுக்கு எனாமல்’ என்ற வரியை எடுத்து, இரும்பு என்ற இடத்தில் சிலை என்று போட்டிருக்கிறார்கள். வேலைகளுக்கு விலை குறிக்கும் அரசு விகிதப் பட்டியலில் வெண்கலத்துக்கு வரி இல்லாததால் கேட்டுக்குப் போட்ட வரி சிலைக்கும் வந்துவிட்டது.

தங்க நிறப் பெயின்டில் அந்த நிறத்தைத் தருவது பெரும்பாலும் பித்தளைத் தூள். உப்புக்காற்றில் அந்தத் தூளே சில மாதங்களில் கறுத்து, பச்சை பாரிக்கும். அதனால்தான் போன ஆண்டு அடித்த சிலை இந்த ஆண்டு மறுபடியும் ‘கறுத்துப்போகிறது’. கறுப்பது சிலை இல்லை, உங்கள் பெயின்ட். அதைச் சுரண்டி மறுபடி அடிக்கிறீர்கள்.

அடியில் நடப்பது இதைவிட மோசம். 8 அடிச் சிலை என்றால் சுமார் 2.4 மீட்டர் உலோகம். அதிகாலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே உலோகத்தின் சூடு 30 டிகிரி ஏறினால் சிலை ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக நீளும். இரவில் திரும்பச் சுருங்கும். காய்ந்து இறுகிய எனாமலுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. வார்ப்புத் துண்டுகள் ஒட்டிய தையல்களில், அக்குளில், கோட்டின் விளிம்பில், கழுத்தடியில் மயிரிழை வெடிப்பு விடுகிறது. உப்பு ஈரம் அதன் வழியே உள்ளே போகும், வெளியே வராது. பெயின்டுக்கு அடியில் ஈரமும் உப்பும் செம்பும் பூட்டிவைத்தது போல இருக்கும்.

செம்பில் களிம்பு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்ததில் இரண்டு வகை உண்டு. ஒன்று இறுகிய களிம்பு: கரும்பச்சை அல்லது பழுப்பு, நகத்தால் கீறினால் வராது. இன்னொன்று பொடிக்களிம்பு: வெளிர்பச்சை, விபூதி போல விரலில் ஒட்டும். முதலாவதைத் தொடவேண்டியதில்லை. இரண்டாவது நோய். உப்பில் இருக்கும் குளோரைடு செம்போடு சேர்ந்து ஒரு உப்பாகிறது. ஈரமும் காற்றும் பட்டதும் அது பச்சைப் பொடியாகவும் அமிலமாகவும் பிரிகிறது. அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்று மறுபடி அதே உப்பாகிறது. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தாண்டினாலே இந்தச் சுற்று ஓடத் தொடங்கும். நம் கடலோரத்தில் அதைவிடக் குறைவான ஈரப்பதம் அபூர்வம். திறந்த சிலையில் இந்தப் பொடி தொடக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியும், மருந்து வைக்கலாம். பெயின்டுக்கு அடியில் வந்தால், தங்க நிறம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிய பிறகுதான் தெரியும். அதற்குள் ஊசித்துளை அளவுக் குழிகள் விழுந்திருக்கும். குழியைச் சிலையின் வடிவம் கெடாமல் நிரப்புவது மிகவும் கடினம்.

முகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எனாமல் ஒரு கோட் காய்ந்தபின் 30 முதல் 40 மைக்ரான். பிரைமரோடு இரண்டு கோட் என்றால் ஆண்டுக்கு 100 மைக்ரானை ஒட்டி வரும். பத்து ஆண்டில் ஒரு மில்லிமீட்டர். மெழுகு உருவத்தில் சிற்பி இமைக்கோட்டைக் கீறும் ஆழமே அவ்வளவுதான். வ.உ.சி.யின் மீசையில் முடி முடியாக எடுத்த கோடுகள், தலைப்பாகையின் மடிப்பு மேல் மடிப்பாக ஏறும் விளிம்புகள், கோட்டின் பொத்தான் துளைகள், கீழ் உதட்டுக்கு அடியில் இருக்கும் சிறு பள்ளம் எல்லாம் இந்த அளவுக்குள் அடங்குகிறவை. பெயின்ட் பள்ளத்தில் தேங்கும், மேட்டில் வழியும். அதனால் பள்ளங்கள்தான் முதலில் மூடுகின்றன. இமைக்கோடு மூடியதும் கண் வெறும் உருண்டையாகிவிடுகிறது. பெயின்டர் அதைச் சரிசெய்யக் கறுப்பில் விழி வரைகிறார், மீசைக்குக் கறுப்பு தீட்டுகிறார். பத்து ஆண்டில் சிற்பி செய்த முகம் போய்ப் பெயின்டர் வரைந்த முகம் வந்துவிடுகிறது. ஊர் ஊராக வ.உ.சி. சிலைகள் எல்லாம் ஒரே பொம்மை முகத்தோடு நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கோயிலில் ஐம்பொன் உற்சவர் மேல் எனாமல் அடிக்க யாருக்காவது கை வருமா? புளி போட்டுத் துலக்குகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். உற்சவர் கெட்டி வார்ப்பு, கூரைக்குள் இருக்கிறவர். அப்படியும் நூற்றாண்டுக் கணக்கில் துலக்கித் துலக்கிப் பல கோயில்களில் உற்சவர்களின் மூக்கும் வாயும் மழுங்கிப்போயிருப்பதைப் பார்க்கலாம். நாற்சந்திச் சிலை உள்ளீடற்ற வார்ப்பு. அதன் சுவர் கனம் பெரும்பாலும் 5 முதல் 8 மில்லிமீட்டர்தான். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ், ஆசிட் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. கட்சிக்காரர்களும் சங்கத்தாரும் அன்பினால் செய்யும் பாலாபிஷேகமும் அப்படித்தான். பால் புளித்தால் அமிலம். அதன் கொழுப்பு இடுக்குகளில் நின்று பூஞ்சையையும் எறும்பையும் அழைக்கும்.

உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் அதை யாரும் நினைப்பதில்லை. பெரிய சிலைகளைத் தலை, மார்பு, கை, கால் என்று துண்டுகளாக வார்த்து ஒட்டுகிறார்கள். உள்ளே தாங்கலுக்கு ஒரு சட்டம் போகும். செலவைக் குறைக்க அது சாதாரண இரும்பாகவே இருந்துவிடும். வெண்கலமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் இரும்புதான் கரையும், அதுவும் தனியாக இருப்பதைவிட வேகமாக. மழைத்தண்ணீர் ஏதாவது ஒரு தையல் வழியாக உள்ளே போயே தீரும். அதற்காகத்தான் நல்ல வார்ப்புக்காரர்கள் பாதத்துக்கு அருகே, மிகத் தாழ்ந்த இடத்தில், 10 அல்லது 12 மில்லிமீட்டர் அளவில் ஒன்றிரண்டு வடிதுளைகள் விடுகிறார்கள்.

எங்கள் ஊர்ச் சிலையின் வலது குதிகாலுக்குப் பின்னால் அப்படி ஒரு துளை இருக்கிறது. இப்போது போய்ப் பார்த்தால் துளை தெரியாது. அந்த இடத்தில் காசு அளவில் ஒரு மெல்லிய மேடு, அதைச் சுற்றிப் பழுப்புக் கசிவு. பெயின்ட் அடிப்பதற்கு முன் ‘ஓட்டை உடைசலை அடைக்க வேண்டும்’ என்று பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே போகும் தண்ணீர் அன்று முதல் கணுக்கால் வரை நிற்கிறது. இரும்புச் சட்டம் அதில் ஊறுகிறது. இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். கணுக்காலில் வெடிப்பு வருவது அப்படித்தான். மற்ற எதற்கும் நிதி இல்லை என்றாலும், அந்தத் துளையை நாளைக்கே திறக்கச் சொல்லுங்கள். ஒரு மூங்கில் குச்சியும் கால் மணி நேரமும் போதும். திறந்ததும் செந்நிறத் தண்ணீர் வந்தால் அதன் அளவைக் குறித்துவையுங்கள். உள்ளே இருக்கும் இரும்பின் நிலையை அது சொல்லும்.

சரி, என்னதான் செய்வது?

முதலில் சிலை எதனால் ஆனது என்று பாருங்கள். வ.உ.சி. சிலை என்று நிற்பவை எல்லாம் வெண்கலம் இல்லை. சிமென்டும் உண்டு, ஃபைபரும் உண்டு. பெயின்ட் அடித்துவிட்டால் மூன்றும் ஒரே மாதிரி தெரியும். விரல் கணுவால் தட்டினால் வெண்கலம் மணி போல ஒலி தரும், ஃபைபர் டப்பா போல, சிமென்டில் ஒலியே எழாது. காந்தம் எங்கும் ஒட்டக் கூடாது. கணுக்காலிலோ பாதத்திலோ லேசாக இழுத்தால் உள்ளே இரும்பு நெருக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். சிமென்ட் சிலைக்குப் பெயின்ட் தேவை, மறுக்கவில்லை. ஆனால் காற்றுப் புகும் அக்ரிலிக் வகை, மெல்லிசாக. ஃபைபருக்கு வெயில்தான் எதிரி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேற்பூச்சு போதும். எல்லாவற்றுக்கும் ஒரே டெண்டர் விடுவதில்தான் தவறு தொடங்குகிறது.

வெண்கலத்துக்கு வேண்டியது கழுவுதலும் மெழுகும். கழுவ, உப்பில்லாத தண்ணீர் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று உவர்நீரில் கழுவினால் உப்பைப் பூசியது போலத்தான். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் காரமும் அமிலமும் இல்லாத திரவ சோப்பு. மென்மையான நைலான் அல்லது மயிர் பிரஷ். சோப்புத் தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த உலோகத்தில் வழிந்து கோடு கோடாகப் பதியும். அலசுவது மட்டும் மேலிருந்து கீழ், சோப்பு முழுக்கப் போகும்வரை. காக்கை எச்சத்தை ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். உயர் அழுத்தப் பம்பு வேண்டாம். தையல்களில் தண்ணீரை ஏற்றிவிடும்.

துணியால் துடைத்து, வெயிலில் முழுக்கக் காயவிட்டு, கை வைத்தால் சூடு தெரியும் ஆனால் எடுக்கத் தோன்றாது என்ற பதத்தில் மெழுகு பூச வேண்டும். காலை பத்து மணியை ஒட்டி நம் வெயிலே அந்தப் பதத்தைக் கொடுத்துவிடும். மெழுகு என்றால் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது, பசை வடிவில் கிடைப்பது. தேன்மெழுகு வேண்டாம், நம் வெயிலில் இளகித் தூசியைப் பிடிக்கும், நாளடைவில் லேசான அமிலமாகும். குட்டை மயிர் பிரஷால் பள்ளங்களுக்குள் ஏற்றி, மெல்லிசாகப் பரப்பி, வெளுப்பு தெளிந்ததும் பருத்தித் துணியால் தேய்க்க வேண்டும். மறுநாள் இன்னொரு கை. 8 அடிச் சிலைக்கு இரண்டு கைக்கும் சேர்த்து அரைக் கிலோவை ஒட்டித்தான் ஆகும். இரண்டு ஆட்கள், இரண்டு நாட்கள், ஒரு சாரம். நிறம் சீராகும், மங்கல் போய் உள்ளிருந்து ஒரு பளபளப்பு வரும். புகார் செய்கிற மக்கள் கேட்பதும் அதைத்தான்.

இதை ஆண்டுக்கு இரண்டு தடவை செய்ய வேண்டும். ஒன்று வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்டுக் கடைசியில். பிறந்த நாளுக்குச் சிலை தயாராகவும் இருக்கும். இன்னொன்று மழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரியில். சிலைக்கு மேல் மண்டபமோ குடையோ இருந்தால் கழுவுதலை இன்னும் கூட்டுங்கள். கூரை இருந்தால் சிலைக்குப் பாதுகாப்பு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கடலோரத்தில் அது பாதி உண்மைதான். திறந்த சிலையின் உப்பை மழை கழுவிவிடும். கூரைக்கு அடியில் நிற்கும் சிலையில் அது ஆண்டு முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். தாடைக்கு அடியில், கைமடிப்பில், கோட்டு நுனிக்கு உட்புறத்தில் தொட்டுப் பாருங்கள், நறநறவென்று இருக்கும்.

பொடிக்களிம்பு கண்ட இடத்தை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். மூங்கில் குச்சியால் பொடியை எடுத்து, எரிசாராயத்தில் 3 சதவீதம் கரைத்த, செம்பு அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் என்ற மருந்தைக் கொடுத்து, மேலே மெழுகிட வேண்டும். அந்த மருந்து உடம்புக்கு ஆகாது. கையுறையும் பழக்கமும் வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளின் இந்த நோயைத் தீர்ப்பதற்கென்றே 1930இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் இருக்கிறது.

ஏற்கெனவே ஏறியிருக்கும் பெயின்டை எடுக்கும் அவசரம் வேண்டாம். சிலையின் முதுகுப்புறத்தில், கோட்டு நுனிக்குக் கீழே, 5 சென்டிமீட்டர் சதுரத்தில் முதலில் சோதனை. பசை வடிவப் பெயின்ட் நீக்கி பூசி, பிளாஸ்டிக் தாள் மூடி, இளகிய பிறகு மூங்கில் பட்டையால் வழிக்க வேண்டும். மணல் பீச்சுதல், காஸ்டிக் சோடா, தீ, கிரைண்டர் எதுவும் ஆகாது. பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே உலர்ந்த நிலையில் சுரண்டித் தூள் பறக்கவிடக் கூடாது; தொழிலாளிக்கு முகமூடியும், கீழே தார்ப்பாயும், வழித்ததைச் சாக்கடையில் தள்ளாமல் சேர்த்துக் கொடுக்க ஒரு டப்பாவும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். எடுத்த பிறகு உலோகம் திட்டுத் திட்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம். பொட்டாசியம் சல்பைடும் இளஞ்சூடும் கொடுத்துப் பழுப்பைத் திரும்ப ஏற்ற சுவாமிமலை வார்ப்புக்காரர்களுக்குத் தெரியும்.

மாலைக்கு வருவோம். ஆண்டில் இரண்டு பெரிய மாலை நாட்கள்: செப்டம்பர் 5, நவம்பர் 18. இரண்டாவது நினைவு நாள், அடைமழைக் காலம். அன்று போட்ட மாலை நனைந்து, கழுத்தோடும் மார்போடும் ஒட்டி, வாரக்கணக்கில் அழுகுகிறது. அழுகும் பூவின் சாறு அமிலம். அதனால்தான் நிறையச் சிலைகளில் மார்பில் மாலை வடிவத்திலேயே வெளிர்பச்சைத் தடம் இருக்கிறது. ஆள் உயர மாலைகளைக் கட்டும் இரும்புக் கம்பி வேறு கழுத்தை அறுக்கிறது. மாலை போட ஏணியைச் சிலையின் நீட்டிய கையில் சாய்க்கிறார்கள். தோள் தையல் விடுவது அந்த ஒரு நாளில்தான். நிரந்தர இரும்புப் படிக்கட்டு என்று பீடத்தில் போல்ட் அடித்தால் அந்தத் துளைகள் வழியே பீடத்துக்குள் தண்ணீர் இறங்கும். சக்கரம் வைத்த நகரும் படி ஒன்று வாங்கினால் ஊரில் உள்ள எல்லாத் தலைவர் சிலைகளுக்கும் ஆகும்.

பீடத்தில் நாங்கள் பார்ப்பது ஒரு பழக்கமான நோய். கிரானைட் பலகையின் ஓரத்தில் துருக்கறை, மூலையில் வெடிப்பு, தட்டினால் பொள்ளல் ஒலி. உள்ளே இருக்கும் கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து வீங்குகிறது. கடலோரக் காற்றில் நிற்கும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை கேட்பது குறைந்தது எம் 30 கலவை, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சின்ன வேலைதானே என்று 20 மில்லிமீட்டர் மூடலும் உவர்நீரும் வைத்துக் கட்டினால் பீடம் சிலையைவிட நெடுநாள் முன்பே போய்விடும். வார்னிஷ் அந்த வெடிப்பை ஓராண்டுக்கு மறைக்கும், அவ்வளவுதான். கிரானைட்டின் மேல் அது மஞ்சளாகி உரியும். வெடித்த பலகையைக் கழற்றி, துருவை எடுத்து, கம்பிக்கு மருந்திட்டு, கல்லைப் பிடிக்கும் கொக்கிகளை 316 வகைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றுங்கள். சிலையின் பாதத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளும் அதே எஃகாக இருக்கட்டும்.

கல்வெட்டும் பெயின்டால்தான் கெடுகிறது. ஆழமில்லாமல் வெட்டிய எழுத்துக்கு ஆண்டுதோறும் எனாமல் நிரப்புகிறார்கள். முதலில் மூடுவது புள்ளி. ‘ர்’ ‘ர’ ஆகிறது, ‘ப்’ ‘ப’ ஆகிறது. ‘கப்பல்’ என்று வெட்டிய சொல்லைக் குழந்தைகள் ‘கபபல’ என்று எழுத்துக் கூட்டுகிறார்கள். 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டினால் நிழலே எழுத்தைக் காட்டும், நிறம் வேண்டியதில்லை. மறுபடி வெட்டும்போது வாசகத்தையும் மாற்றுங்கள். இப்போது இருப்பது திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் பெயர்கள். சிலையாக நிற்பவரைப் பற்றி ஒரு வரி. 1872 செப்டம்பர் 5 ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். 1906இல் ஒன்று 25 ரூபாய் விலையில் 40,000 பங்குகள், 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்று சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். அந்த ஆண்டு மார்ச் 12 சுப்பிரமணிய சிவாவோடு கைதானார். இரட்டை ஆயுளாக 40 ஆண்டு தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் அது குறைய, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். 1936 நவம்பர் 18 தூத்துக்குடியில் இறந்தார். இவ்வளவும் ஒரு பலகையில் அடங்கும். அவருடைய பங்குக்காரர்களில் சாதாரண வியாபாரிகளும் இருந்தார்கள், ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவர்கள் கப்பலை முடக்கப் பார்த்தது என்பதையும் சேர்த்தால், பக்கத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் சிலை ஏன் கடலைப் பார்த்து நிற்கிறது என்று புரியும்.

செக்குக்குக் கறுப்பு எனாமல் என்பதைப் படித்தபோதுதான் எங்களுக்கு மிகவும் வலித்தது. கோவை சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைப் பூட்டி இழுக்கவைத்த செக்கு இன்றும் அந்தச் சிறை வளாகத்தில் நினைவுச் சின்னமாக இருக்கிறது. நம் ஊர்த் தோட்டத்தில் இருப்பது அதன் நினைவாகச் செய்த மாதிரி. வாகை மரத்தில் செய்த உரலும் உலக்கையும், சுற்றி இழுக்கும் நீண்ட மரமும். மக்கள் அந்த இழுமரத்தில் கை வைத்துப் பார்க்கிறார்கள். தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்றதும் அமைதியாகிவிடுகிறார்கள். அதில் எனாமல் அடித்தால் மரத்தின் ரேகையும் தெரியாது, ஈரமும் வெளியேறாது. ஏற்கெனவே உரலின் அடியைச் சிமென்டில் புதைத்திருக்கிறீர்கள். சிமென்டுக்கும் மரத்துக்கும் இடையே தண்ணீர் நின்று, தரையை ஒட்டி இரண்டு விரற்கடை உயரத்துக்கு மரம் பஞ்சாகிவிட்டது. பேனாக்கத்தியை வைத்தால் உள்ளே போகிறது. அதற்கு மேல் கரையான் மண் ஏறியிருக்கிறது. உரலைத் தூக்கி, கெட்ட பகுதிக்கு மருந்திட்டு, கருங்கல் தாங்கியின் மேல் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, காற்றோட்டத்தோடு நிறுத்த வேண்டும். பிறகு காய்ச்சிய ஆளி விதை எண்ணெய், மூன்று கை, ஒவ்வொன்றும் முழுக்க ஊறிக் காய்ந்த பிறகு அடுத்தது. மேலே ஓலையோ ஓடோ வேய்ந்த ஒரு சின்னக் கூரை.

ஆகவே கேட்கிறோம். இந்தச் செப்டம்பருக்கான பெயின்ட் மதிப்பீட்டை ரத்துசெய்து, அதே தொகையில் கழுவி மெழுகிடும் வேலைக்குப் புது மதிப்பீடு போடுங்கள். ஆகஸ்டு கடைசி வாரத்துக்குள் முடியும். குதிகால் துளையை உடனே திறந்து, இனி எந்த ஒப்பந்தத்திலும் ‘பட்டி வைத்தல்’ என்ற சொல் சிலைக்கு வராதபடி எழுதுங்கள். உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு தலைவர் சிலைக்கும் ஒரு பதிவேடு வையுங்கள்: என்ன உலோகம், எந்த ஆண்டு, யார் வார்த்தது, எட்டுத் திசையிலிருந்தும் படம், ஒவ்வொரு தடவையும் யார் என்ன பூசினார்கள் என்பது. பெயின்ட் நீக்கும் வேலையைச் சோதனைத் துண்டு பார்த்து, அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தின் எழுத்து மூலமான ஒப்புதலுக்குப் பிறகே தொடங்குங்கள். மாலைகளை மறுநாள் காலை எட்டு மணிக்குள் எடுக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். பாலும் கம்பி மாலையும் வேண்டாம் என்று பீடத்துக்கு அருகே தனியாக ஒரு பலகை நடுங்கள். பீடத்தைத் தட்டிச் சோதித்த அறிக்கையைப் பருவமழைக்கு முன் வெளியிடுங்கள். வெண்கலச் சிலைப் பராமரிப்புக்கு விகிதப் பட்டியலில் தனி வரி கேட்டு மேலிடத்துக்கு எழுதுங்கள். அதன் வரைவை நாங்களே இலவசமாகத் தயாரித்துத் தருகிறோம். செக்கின் அடியில் இருக்கும் சிமென்டை இந்த மாதமே உடையுங்கள், மழை இறங்கிவிட்டால் உரல் இன்னொரு கோடையைப் பார்க்காது.